கோட்டுக்குள் நிறம் பூசப் பழகிய வருடம்

முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிறம் பூசப் படம் கொடுப்பதை நான் நீண்ட காலம் ஓய்வு நேர வேலையாகத்தான் வைத்திருந்தேன். ஓய்வு எனக்கு. வரவு இடாப்பு நிரப்ப வேண்டிய நேரம், அதிபர் கூப்பிட்டு அனுப்பிய நேரம், தொண்டை கட்டிய நாள் என்றால் ஆளுக்கொரு கிளியோ மாம்பழமோ அச்சடித்த தாளைக் கொடுத்துவிடுவேன். அரை மணித்தியாலம் வகுப்பு அடங்கிக் கிடக்கும். பிள்ளைகள் எதைப் பூசினார்கள், குச்சியை எப்படிப் பிடித்தார்கள் என்று நான் நின்று பார்த்ததில்லை. முடிந்ததும் தாளின் மூலையில் ஒரு சரி போடுவேன், அவ்வளவுதான்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். கணவருக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்ததும் இந்தப் பக்கம் வந்து, கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். பல வருடம் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குத் தமிழ் படிப்பித்தேன். முதலாம் வகுப்பு ஆசிரியை இடமாற்றம் பெற்றுப் போனபோது அந்த வகுப்பு என் தலையில் விழுந்தது. “சின்னப் புள்ளைங்கதானே டீச்சர், உங்களுக்கு லேசு” என்றார் அதிபர்.

லேசாகத்தான் எடுத்துக்கொண்டேன். கொப்பியைத் திற, பென்சிலைப் பிடி, பக்கம் நிரம்ப எழுது. அதுதான் என் முறை. பெரும்பாலான பிள்ளைகள் எப்படியோ எழுதினார்கள். எழுத வராதவர்களின் கையை என் கைக்குள் பிடித்து எழுதிக் காட்டினேன்.

சில வருடம் இப்படியே போனபின், அப்படிப் பிடித்தும் எழுத வராத ஒரு சிறுமி வந்தாள். ஆறு வயது. முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் ஒரு வாசல் தெரியும். தகப்பனுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தாய் மலையில் கொழுந்து எடுப்பவர். வாய்ப்பேச்சில் வகுப்பிலேயே முதலாவது ஆள் இந்தப் பிள்ளைதான். கதை சொல்லச் சொன்னால் நிறுத்த மாட்டாள். ஆனால் பென்சிலைக் கொடுத்தால், தேங்காய் துருவுகிறவர் சிரட்டையைப் பிடிப்பதுபோல ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடிப்பாள். ‘ட’ எழுதச் சொன்னால் தாள் கிழியும். நான் கையைப் பிடித்து எழுதினால், எழுதியது என் கைதான். அவளுடைய கை உள்ளே சும்மா கிடந்தது. கொஞ்ச நாளில் கொப்பியைத் திறக்கச் சொன்னதுமே “டீச்சர், வெளிய போகணும்” என்று எழுந்து நிற்கத் தொடங்கினாள். சோம்பல் என்று நான் முடிவு கட்டினேன். தாயைக் கூப்பிட்டு, வீட்டில் எழுதப் பழக்குங்கோ என்றும் சொல்லிவிட்டேன். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டுப் போனார். வீட்டில் என்ன நடந்ததோ, அடுத்த நாள் பிள்ளை என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இது நடந்து இரண்டு கிழமைக்குள் நான் விழுந்தேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து பாடசாலைக்குத் தேயிலைக்கு நடுவே கல்படிகள் போகும். முதல் நாள் பெய்த மழையில் பாசி பிடித்திருந்தது. வழுக்கியதும் வலது கையை ஊன்றினேன். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மேலே இருந்து ஓடி வந்த அதிபர் தன் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு ஓட்டோ பிடித்துப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். முழங்கை வரை பிளாஸ்டர் போட்டார்கள். ஆறு கிழமை.

மூன்றாவது கிழமையே நான் பாடசாலைக்குத் திரும்பிவிட்டேன். பதிலுக்கு ஆள் இல்லை. என் வகுப்பு இரண்டாம் வகுப்போடு சேர்ந்து நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. வாயால் படிப்பிக்கலாம்தானே என்று நினைத்துப் போனேன். போன முதல் நாளே கரும்பலகையில் இடது கையால் ‘அ’ எழுத முயன்றேன். வெண்கட்டி கீச்சிட்டது. எழுத்தின் வயிறு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். வகுப்பு முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்காமல் இருந்தது அந்தச் சிறுமி மட்டும்தான். கதிரையை விட்டு எழும்பி, கரும்பலகைக்குக் கிட்ட வந்து, என் ‘அ’வை நன்றாகப் பார்த்தாள்.

“டீச்சர், உங்களுக்கும் வரலையா?” என்று கேட்டாள்.

“இல்லையம்மா. இந்தக் கைக்குத் தெரியாது.”

“என் கைக்கும் தெரியாது” என்றாள். கேலியில்லை. செய்தி சொல்வதுபோலச் சொன்னாள்.

இரண்டு மாதமாக என்னிடம் சொல்ல முடியாமல் இருந்ததை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். அவளுக்கு ‘ட’ எப்படி இருக்கும் என்று தெரியும். கைக்குத்தான் தெரியாது. அன்று அது எனக்குச் சுட்டது. ஆனால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

பிளாஸ்டரை வெட்டிய பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. விரல்கள் விறைத்துப்போய் இருந்தன. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பேனை பிடித்தால் நழுவி விழுந்தது. விழாமல் இருக்க நான் அதை உள்ளங்கைக்குள் இறுக்கினேன். ஐந்து விரலாலும். கண்ணாடியில் பார்த்ததுபோல அந்தப் பிள்ளையின் பிடி என் கையில் இருந்தது.

கைக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் கம்பளைப் பக்கத்து முஸ்லிம் பெண். முப்பது வயது இருக்கும், வேகமாகப் பேசுவார். வெந்நீருக்குள் பஞ்சைப் பிழிய வைத்தார். உடுப்புக் கிளிப்பை மூன்று விரலால் திறந்து கம்பியில் மாட்ட வைத்தார். மூன்றாவது முறை போனபோது ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தார். அச்சடித்த கிளி. பக்கத்தில் ஒரு பெட்டி, மெழுகு நிறக்குச்சி. பிள்ளைகள் பெஸ்டல் என்பது அதைத்தான்.

“இது என்ர முதலாம் வகுப்புப் பிள்ளையள் செய்யிற வேலையல்லோ?” என்றேன்.

“ஓ, டீச்சர்தானே நீங்க! நல்லதாப் போச்சு. பிள்ளைகளுக்கு ஏன் இதைக் கொடுக்குறீங்க?”

உண்மையைச் சொன்னேன். “சத்தம் போடாமல் இருக்க.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பச்சைக் குச்சியை எடுத்து, டக்கென்று இரண்டாக முறித்து ஒரு துண்டை என்னிடம் நீட்டினார். “நீளமா இருந்தா முழுக் கையும் வந்து பிடிக்கும். இந்தத் துண்டைப் பிடிங்க பாப்போம்.”

பிடித்தேன். துண்டு சின்னதாக இருந்ததால் உள்ளங்கைக்கு அங்கே இடமில்லை. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். வேறு வழியில்லாமல் மூன்றும் போய்ச் சேர்ந்தன.

“பாத்தீங்களா? நான் ஒண்டும் சொல்லலையே” என்றார்.

அந்த நாலைந்து சந்திப்பில் அவரிடம் நான் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. கைக்கு வைத்தியம் பார்க்க வந்த ஆளா, வகுப்புக்குப் பாடம் தயாரிக்க வந்த ஆளா என்று அவரே கேட்டார். சொன்னதெல்லாம் சின்ன விசயங்கள்தான். தாளை மேசையில் வைக்காமல் சுவரில் ஒட்டிப் பூசினால் மணிக்கட்டு தானாகச் சரியான பக்கம் மடங்கும், தோளுக்கும் பலம் வரும். கோட்டுக்குள் நிற்க முடியாத பிள்ளைக்குக் கோட்டின் மேல் பசையை இழுத்துக் காயவிடு. குச்சி அந்த மேட்டில் முட்டும்போது கை நின்று பழகும். முதலில் பெரிய வட்டம், போகப்போகச் சின்னது. வலித்தால் நிறுத்து.

கடைசியாக அவர், “வலிக்குது எண்டு பிள்ளை சொன்னா நம்புங்க டீச்சர். சோம்பேறி எண்டு நினைக்காதீங்க” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருந்து பயிற்சி செய்வேன். கணவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார், எதிரில் நான் கிளிக்கு நிறம் பூசிக்கொண்டிருப்பேன். “என்னப்பா, மூக்குக்குச் சிவப்பு வெளியாலை போட்டுது” என்று எட்டிப் பார்த்துச் சொல்வார். முதலில் கோபம் வந்தது. ஒரு கிளியை முடிக்க எனக்கு இருபது நிமிடம் பிடித்தது. முடிந்ததும் நடுவிரலின் அடியில் ஒரு வலி பிறந்து முழங்கை வரை ஏறும். ஒரு வளர்ந்த மனுசிக்கு இப்படியென்றால், ஒரு பக்கம் நிரம்ப எழுது என்று நான் சொன்ன பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்?

இரண்டாம் தவணை தொடங்கிய திங்கட்கிழமை வகுப்புக்குள் இரண்டு புதுப் பெஸ்டல் பெட்டியோடு போனேன். பிள்ளைகளின் கண்கள் விரிந்தன. பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு குச்சியாக எடுத்து, பாதியில் முறித்து மேசையில் போட்டேன். நாலாவது குச்சியில் வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. “ஐயோ டீச்சர், புதுசு டீச்சர்!” ஒருத்திக்கு அழுகையே வந்துவிட்டது. டீச்சருக்குக் கோபம் என்று நினைத்திருப்பார்கள். “கோபமில்லை, இப்ப எல்லாருக்கும் ரெண்டு மடங்கு இருக்கு, எண்ணிப் பாருங்கோ” என்றதும்தான் அடங்கினார்கள்.

சுவரில் ஒட்டுவது சுலபமாக இருக்கவில்லை. எங்கள் சுவரில் எப்போதும் ஈரம். ஒட்டிய தாளெல்லாம் பத்து நிமிடத்தில் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. பழைய அறிவித்தல் பலகை நாலைந்தை அலுமாரிக்குப் பின்னாலிருந்து அதிபர் எடுத்துத் தந்தார். அவற்றை ஜன்னல்களுக்குக் கீழே சாய்த்து, தாள்களைக் குத்தி வைத்தோம். பிள்ளைகள் வரிசையாக நின்று பூசினார்கள். நானும் ஒரு தாளைக் குத்திக்கொண்டு, குந்தியிருந்து, அவர்களோடு பூசினேன். என் பக்கத்து இடத்தை அந்தச் சிறுமி கேட்காமலே பிடித்துக்கொண்டாள்.

“டீச்சர், கோட்டத் தாண்டிட்டீங்க.”

“ஓம், தாண்டிப் போட்டன். நீ?”

“நானும்தான்” என்று பெருமையாகக் காட்டினாள். அவளுடைய மாம்பழம் தாள் முழுக்கப் பரவியிருந்தது.

ஒவ்வொரு நாளும் காலையில் கால் மணித்தியாலம். அதற்கு மேல் இல்லை. பூசும்போது நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். குச்சியைக் கையில் எடுக்கும் விதம், மற்றக் கை தாளைப் பிடிக்கிறதா இல்லையா, தோள் காதுவரை ஏறுகிறதா, மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசுகிறார்களா. வருடக் கணக்காகக் கண் முன்னால் இருந்ததை இப்போதுதான் பார்க்கிறேன். தாளை ஒருநாளும் பிடிக்காத ஒரு பையனைக் கண்டுகொண்டேன். இடது கையில் பிறவியிலேயே பலம் குறைவு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவனுக்கு நிறம் பூசுவது மட்டும் போதவில்லை, இன்றைக்கும் மாதம் ஒருமுறை பேராதனைக்குப் போய் வருகிறான். ஒருத்தி முகத்தைத் தாளில் முட்டுவதுபோல வைத்துப் பூசினாள். அவளுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது.

சிறுமிக்குத் திடீரென்று எதுவும் நடக்கவில்லை. முதல் கிழமைகளில் துண்டுக் குச்சியையும் உள்ளங்கைக்குள் திணித்தாள். நான் இன்னும் சின்னதாக முறித்தேன். கறுப்பைத் தவிர வேறு நிறம் எடுக்கமாட்டேன் என்று ஒரு கிழமை அடம்பிடித்தாள். பசைக்கோடு போட்டுக் கொடுத்த அன்று விரலால் அந்த மேட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர பூசவில்லை. ஒருநாள் பாதியில் குச்சியை வைத்துவிட்டு, “விரல் வலிக்கிது டீச்சர்” என்றாள்.

“எந்த விரல்?”

நடுவிரலின் அடியைத் தொட்டுக் காட்டினாள்.

“எனக்கும் அதே இடம்தான்” என்றேன். இருவரும் கையை உதறி, விரலை விரித்து, மடக்கி, கொஞ்ச நேரம் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவளாகவே குச்சியை எடுத்தாள். அன்றுதான் முதல்தடவை ஒரு வட்டம் முழுவதும் கோட்டுக்குள் நின்றது. சிவப்பு வட்டம். நான் அதைப் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

பெற்றோருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. தவணை நடுவில் கூட்டம் வைத்தபோது, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தகப்பன் எழுந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

“டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. பக்கத்து ஸ்கூல்ல புள்ளைங்க சொல்வதெழுதல் எழுதுறாங்களாம். எங்க புள்ளைங்க தெனமும் கிளிக்குப் பச்ச பூசிட்டு வருதுங்க. நாளைக்கு ஸ்கொலர்ஷிப் சோதனையில கிளியா வரப்போவுது?”

எல்லோரும் சிரித்தார்கள். அதிபர் என்னைப் பார்த்தார். அவருக்கும் அந்தக் கேள்வி உள்ளுக்குள் இருந்தது எனக்குத் தெரியும். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து யாரும் வந்தால் கொப்பியைத்தானே கேட்பார்கள்.

விளக்கம் சொல்ல நான் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அதை விட்டுவிட்டேன். ஆளுக்கொரு தாளும் ஒரு துண்டுக் குச்சியும் கொடுத்தேன். தாளில் ஐந்து சத நாணயக் குற்றி அளவில் ஒரு வட்டம். “உங்களுக்குப் பழக்கமில்லாத கையால் இந்த வட்டத்தை நிரப்புங்கோ. கோட்டைத் தாண்டக் கூடாது. வெள்ளையும் தெரியக் கூடாது” என்றேன்.

கொஞ்ச நேரம் கூச்சப்பட்டார்கள். பிறகு குச்சியை எடுத்தார்கள். வளர்ந்த ஆட்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். தொழிற்சாலைக்காரரின் குச்சி இரண்டு தடவை தெறித்து ஓடியது. அதிபரும் ஒரு தாளை வாங்கிக்கொண்டு போராடினார். நிரப்பியதைப் பார்த்தால் வட்டத்துக்கு உள்ளே பாதி, வெளியே பாதி.

ஆனால் பின் வரிசை வாங்கில் இருந்த பெண்களின் தாள்களைப் பார்த்தபோது நானே திகைத்துப்போனேன். நாலைந்து பேருடைய வட்டம் அச்சில் வார்த்ததுபோல இருந்தது. அந்தச் சிறுமியின் தாயுடையது எல்லாவற்றிலும் சுத்தம். வலது கையால் பூசிவிட்டாரோ என்று சந்தேகப்பட்டு, “எந்தக் கையால் செய்தனீங்கள்?” என்று கேட்டேன்.

“எடது கை டீச்சர்.” தப்புச் செய்துவிட்டோமோ என்ற பயம் அவர் குரலில் இருந்தது. “கொழுந்து ரெண்டு கையாலயும்தானே எடுக்கிறோம். ரெண்டும் ஒண்ணுதான் எங்களுக்கு.”

நான் அவருடைய தாளை வாங்கி எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினேன். அந்த அம்மா முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டார், ஆனால் கண் சிரித்தது. “இவரின் விரல் இதைப் பிறக்கும்போதே கொண்டு வரவில்லை. செய்து செய்துதான் வந்தது. பிள்ளைகளின் விரலுக்கும் அதுதான் நடக்கிறது. விரல் பழகட்டும், எழுத்து வரும். வராவிட்டால் மூன்றாம் தவணை முடிவில் வந்து என்னைக் கேளுங்கோ” என்றேன். அந்த நம்பிக்கை எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், என் கையிலிருந்துதான். அதற்குள் எனக்குப் பொத்தான் போட வந்திருந்தது.

தொழிற்சாலைக்காரர் தன் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “இதக் கொண்டுபோய் என் மகள்கிட்ட காட்டுனா மானம் போயிடும்” என்றார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அதிபர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “டீச்சர், மூணாந் தவணைக்குள்ள எழுதிடுவாங்கதானே?”

“எழுதுவினம் சேர்” என்றேன்.

எழுதினார்கள். எல்லோரும் ஒரே நாளில் அல்ல. நேர்கோடும் மூலையும் மட்டும் உள்ள எழுத்துகளை முதலில் கொடுத்தேன். ‘ட’, ‘ப’, பிறகு ‘ம’. தாள் கிழிவது நின்றது. கொப்பியைத் திறக்கச் சொன்னால் வெளியே போகக் கேட்கும் பிள்ளைகளும் குறைந்துபோனார்கள்.

மூன்றாம் தவணையின் மூன்றாவது கிழமை என்று நினைக்கிறேன். வெளியே மூடுபனி, வகுப்பில் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தோம். சிறுமி என் மேசைக்கு வந்து கொப்பியை வைத்தாள். நான் சொல்லிக் கொடுத்து எழுதியது இல்லை, கரும்பலகையிலும் இல்லை. அவளாகவே ‘ப’வும் ‘ட’வும் ‘ம’வும் சேர்த்திருந்தாள். எழுத்துகள் பெரிசும் சிறிசுமாக, ‘ட’ கொஞ்சம் பின்னால் சாய்ந்து நின்றது. ஆனால் வரிக்கோட்டுக்கு மேல்தான் நின்றது.

“வாசிங்க டீச்சர்.”

“படம” என்று எழுதியிருந்ததை எழுதியபடியே வாசித்தேன்.

அவள் முகம் சுருங்கியது. கொப்பியைத் திரும்ப இழுத்து, குனிந்து பார்த்தாள். “ஐயோ, புள்ளி வைக்கல” என்று சொல்லி, மூன்று விரலால் பென்சிலைப் பிடித்து, ‘ம’வின் தலையில் ஒரு புள்ளி வைத்தாள். வைத்த வேகத்தில் பென்சில் கூர் முறிந்து என் மேசைக்குக் கீழே ஓடியது.

“இப்ப?”

“படம்” என்றேன்.

அவள் ஒரு நிமிடம் கூட நிற்கவில்லை. அடுத்த சொல் மனதில் இருந்தது போலும், பென்சில் சீவ ஓடினாள்.

தவணை முடிவில் என்னைக் கேட்க ஒருவரும் வரவில்லை. அந்தச் சிறுமியின் அம்மா மட்டும் ஒரு சனிக்கிழமை கலஹா சந்தையில் என்னைக் கண்டு, கையில் இருந்த மரக்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். மகள் தகப்பனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாளாம். மூன்றே வரி. கொழும்பில் அவர் அதைக் கடை முதலாளியிடம் காட்டியிருக்கிறார். “போன்ல பேசுறப்ப அழுதுட்டாரு டீச்சர்” என்றார். சொல்லும்போது அவரும் அழுதார், நானும்தான். பிறகு அவர் போஞ்சிக்காய் நல்லது எந்தக் கடையில் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தோம்.